கதை

கஸ்தூரியார் வீதி, நகைக்கடைக்கு மேல்மாடி.
கீழே பொன் உருக்கும் மணம் படியேறி வரும்.
மூன்று கணினி, கழுத்துச் சுளுக்கிய ஒரு மின்விசிறி,
சுவர் முழுக்க அம்புக்குறிகள்:
இந்தக் கேள்விக்கு இந்தப் பதில்,
அந்தப் பதிலிலிருந்து இரண்டு கேள்வி,
கடைசியில் எல்லா அம்பும் ஒரே படகில் ஏறும்.
விளையாடுகிறவருக்கு அது தெரியக்கூடாது.
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

முதற்சண்டை ஒரு பொத்தானுக்காக.
சஜித்தன் ‘பேசு’ என்று போட்டிருந்தான்.
இங்கே ஆரடா பேசுகிறது?
பேசினால் அது ஏச்சு.
நாங்கள் கதைக்கிறனாங்கள்.
அழித்துவிட்டு ‘கதை’ என்று எழுதினேன்.
ஏவலும் அதுதான், ஏவினால் வருவதும் அதுதான்.
அன்று வேறு வேலை செய்யவில்லை.

அடுத்தது, விடைபெறும் பொத்தான்.
‘போகிறேன்’ என்று எழுதக் கை வரவில்லை.
‘போயிட்டு வாறன்’ பெட்டிக்குள் அடங்கவில்லை.
‘வாறன்’ என்று குறுக்கினேன்.
மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைப்பான் சஜித்தன்.
அந்தப் பொத்தானுக்கு அடியில், ஒருவரும் பாராத இடத்தில்
ஒரு வரி சேர்த்தான்:
திரும்புவாள் = பொய்.
‘கொஞ்சம் பார்த்து எழுதன்’ என்றேன்.
‘உண்மை, பொய். இரண்டுதான் இருக்கு.
இதைத் தூக்கினால் படகு வெளிக்கிடாது’ என்றான்.

விளையாட்டு இவ்வளவுதான்:
குறிகட்டுவானைப் போல ஒரு இறங்குதுறை.
கையில் தையல் மெசினின் தலையோடு ஒருத்தி
தீவுக்குப் போகவேணும்.
துண்டு விற்கிறவர் பெயர் பரநிருபசிங்கம்.
திரையில் ‘பரநிருப…’ வரைதான் தெரியும்.
அவருக்கு ஏழு வசனம் எழுதியிருந்தேன்.
எட்டாம் முறை கேட்டால் முதலாவதைத் திரும்பச் சொல்வார்,
முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

விளையாடிப் பார்க்கப் பாசையூரிலிருந்து யசிந்தா வந்தாள்.
துண்டு எடுத்தாள். துறையில் நின்றாள்.
‘வாறன்’ பொத்தான் மினுங்கி மினுங்கிக் கூப்பிட்டது.
அவள் அமத்தவில்லை.
பத்து நிமிடம். இருபது.
திரைக்குள் கடல் ஒரே அலையைத் திரும்பத் திரும்ப அடித்தது.
எனக்கு நெஞ்சு கனத்தது.
அவள் வீட்டில் ஆரோ அந்தச் சொல்லைச் சொல்லிப் போயிருக்கவேணும்,
அதுதான் விரல் நகரவில்லை என்று
நானே அவளுக்கொரு கடந்தகாலம் எழுதி முடித்துவிட்டேன்,
மூன்று கிளையும் ஒரு முடிவும் வைத்து.
மெல்லக் கேட்டேன், ‘என்ன பிள்ளை?’

‘அண்ணை, படகு இன்னும் வரேல்லை.
வராத படகுக்கு இந்தாள் ஏன் துண்டு விக்குது?’

சஜித்தன் சிரித்துக் கதிரையிலிருந்து வழுக்கினான்.
நான் சுவருக்குப் போய் ஒரு அம்பைக் கழற்றினேன்.

அவள் சொன்னது சரி.
படகு தெரியுமட்டும் துண்டு இல்லை என்றாக்கினோம்.
ஆனால் துண்டு விற்காத நேரத்தில்
பரநிருபசிங்கம் என்ன செய்வார்?
அதை ஒருவரும் யோசிக்கவில்லை.
அன்றிரவு எழுதினேன். எட்டாம் முறை கேட்டால்
‘உங்களுக்குக் காது கேக்காதோ?’
ஒன்பதாம் முறை பதில் இல்லை, பேப்பரைப் பிரிப்பார்.
பத்தாம் முறை,
‘அந்த மெசின் தலையைக் கீழ வையுங்கோவன், பாரமெல்லோ.’
பதினொன்றாவது மிக நல்லது.
சேமிக்க முன் கரண்ட் போய்விட்டது.
திரும்ப எழுதினபோது அது வரவில்லை.
வேறொன்று வந்தது,
நகராட்சி நாய்களைப் பற்றி.

பத்துப் பேர் விளையாடினால்
ஒன்பது பேர் இரண்டாம் கேள்வியோடு படகேறுவார்கள்.
நாய்க்கதை வரைக்கும் நிற்கப்போகிறவள்
யசிந்தா ஒருத்திதான், அதுவும் காசுக்கு.

விடியப்புறம் அந்த ஒற்றை வரிக்குத் திரும்பிப் போனேன்.
சஜித்தன் மேசையில் தலைவைத்துத் தூங்கினான்.
‘இரண்டுக்கும் நடுவில் ஒன்று வைக்கேலாதோ?’
கண் திறவாமல் சொன்னான்: ‘பாப்பம்.’
அதையே எழுதினேன்.
திரும்புவாள் = பாப்பம்.

சிவப்பாய் ஒரு பிழை காட்டியது.
பிறகு படகு வெளிக்கிட்டது.
ஏனென்று அவனுக்கும் இன்னும் விளங்கவில்லை.